ஸ்ரீவைகுண்டத்தில் நீ இறங்காதே

எய்யா,

ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நீ போன் பண்ணினாய். "என்னம்மா, ஓகேயா?" என்று கேட்டாய். ஏதோ பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல ஒற்றை வார்த்தையில் பதில் வேண்டும் உனக்கு. ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். இதைப் போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, புரியுது" என்பாய். எழுத்துக்கு நடுவில் நீ அப்படிச் சொல்ல முடியாது. முழுவதும் படி. படித்து முடித்தபின் மைதிலியிடம் கொடு. அவளும் முழுவதும் படிக்கட்டும்.

நீங்கள் இருவரும் பதிவு அலுவலகத்தில் கல்யாண நோட்டீஸ் கொடுத்துவிட்டீர்கள். கையெழுத்துப் போட எங்கள் பக்கத்தில் ஆளுக்குக் குறைவில்லை. உன் அப்பாவைக் கூப்பிட்டால் பேனாவோடு முந்தின நாளே வந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் மைதிலி ஒன்று சொன்னாள், நினைவிருக்கிறதா? "எங்கப்பா அங்க வந்து நிக்கலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஆன்ட்டி." அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அழுகிற பெண்ணைத் தேற்றிவிடலாம். தீர்மானமாகச் சொல்கிறவளை என்ன செய்வது? ஆக, இந்தக் கல்யாணம் அவள் அப்பா ஒருவர் வந்து நிற்பதில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் நாங்கள் தூத்துக்குடி போனோம்.

அவர் நம் வீட்டுக்கு வர மாட்டார், நாம் அவர் வீட்டுக்குப் போகவும் கூடாது. முதலில் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்தேன். நம் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய்த் தண்ணீராவது குடிக்க வேண்டும். குடித்தால் ஸ்ரீவைகுண்டத்தில் அவர் தெருவுக்குத் தெரியும். குடிக்காவிட்டால் நாசரேத்தில் நம் தெருவுக்குத் தெரியும். அவர் காலையில் பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதுகிற கோஷ்டியில் முன்வரிசையில் நிற்கிறவர். நம் சபையிலும் வாய்க்கு வேலை தேடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. யாரும் விருந்தாளி இல்லாத, யாரும் வீட்டுக்காரர் இல்லாத ஒரு இடம் வேண்டியிருந்தது. இரண்டு ஊருக்கும் பஸ் இருக்கிற தூத்துக்குடி என்று மைதிலியின் அம்மாதான் சொன்னார். சனி, ஞாயிறு. பெற்றவர்கள் நாலு பேர். கடல், கப்பல், கொஞ்சம் பேச்சு.

அதற்கு நீ ஒரு திட்டம் போட்டு அனுப்பினாய். கால் டாக்சி, நீச்சல் குளம் உள்ள ஓட்டல், இரவு பஃபே. அதன் கீழே ஒரு வரி: "அவங்க அப்பாகிட்ட சாப்பாட்டுப் பேச்சே எடுக்காதீங்க." திட்டத்தை நான் அன்றைக்கே தள்ளிவிட்டேன். காரில் முன்சீட்டில் யார் உட்காருவது? டிரைவரிடம் யார் வழி சொல்வது? காரை யார் கூப்பிட்டார்களோ அவர்கள் வீட்டுக்காரர், மற்றவர்கள் விருந்தாளி. மறுபடி அதே தொல்லைதான். டவுன் பஸ்ஸில் அது கிடையாது. பஸ் யாருக்கும் சொந்தமில்லை. பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை, அதனால் நான் எடுக்கிறேன், நீங்கள் எடுக்காதீர்கள் என்கிற தள்ளுமுள்ளும் பாதியாகக் குறைந்துவிடும். பேச்சு தீர்ந்துபோனால் ஜன்னலைப் பார்க்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்காருவதற்கென்றே உண்டான இடம் அது. நீ வண்டி வாங்கிய பிறகு இதெல்லாம் உனக்கு மறந்துபோயிற்று.

நான்தான் உட்கார்ந்து நேரம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போட்ட கை. ஆனால் இதுபோல ஒரு டைம்டேபிளை நான் போட்டதில்லை. அவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் ராகுகாலம், அதற்கு முன்பே படி இறங்கிவிட வேண்டும். நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை, எந்த ஊரில் இருந்தாலும் கோயிலுக்குப் போகாமல் அப்பா காபி குடிக்க மாட்டார். ஞாயிறு சாயங்காலம் மறுபடி ராகுகாலம், அதற்கு முன் அவர்கள் பஸ் ஏற வேண்டும். எதிரெதிரே இரண்டு லாட்ஜ், நடுவில் ரோடு. சாப்பாடு அவரவர் பாடு. அவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு வருவார்கள், நாங்கள் சைவ மெஸ்ஸில் சாப்பிடுவோம். இதைக் கேட்டு உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"ஏளா, தூத்துக்குடிக்குப் போயிட்டு மீனு திங்காம வாரதா? ஊருல கேட்டா என்னைப் பத்தி என்ன நெனப்பான்?"

"ரெண்டு நாளு. உங்க மவனுக்காக. வாயைக் கட்டுங்க" என்றேன்.

"சாப்பாட்டுக்கா, பேச்சுக்கா?"

"ரெண்டுக்கும்" என்றேன்.

அவர் சாப்பாட்டு விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கெட்டது ஜெபத்தில். நம் வீட்டில் யாரும் ஜெபம் பண்ணாமல் வாசல் தாண்டுவதில்லை, அது உனக்குத் தெரியும். நீ சின்னப் பையனாக இருந்தபோது கப்பல் பார்க்கக் கிளம்பினோம், அப்பா ஜெபத்தில் மாலுமிகளுக்கு வந்து சேர்வதற்குள் பஸ் போய்விட்டது. நீ தரையில் புரண்டு அழுதாய். சனிக்கிழமையும் அதே கதைதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுநரில் தொடங்கி, நடத்துநர், ரோடு, உன் வேலை, மைதிலி, அவள் அப்பா, அவள் அம்மா, அவர்கள் இருதயத்தை இளகப் பண்ணும் ஆண்டவரே என்று போய்க்கொண்டே இருக்கிறார். ஆமென் சொன்னபோது நான் குறித்து வைத்த பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் ஊரெல்லாம் நின்று நின்று போனது. வழியெல்லாம் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் அவர்கள் முன்பே வந்து காத்திருந்தார்கள். ராகுகாலத்துக்குப் பயந்து விடியவே கிளம்பினவர்கள். மைதிலியின் அப்பா குடையை விரிக்காமல் ஊன்றிக்கொண்டு வெயிலில் நின்றார். மைதிலியின் அம்மா, கோமளா மாமி, பையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"வரலாமா வேண்டாமான்னு யோசிக்கறேளோன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"இல்ல சார், ஜெபம் கொஞ்சம் நீண்டுட்டு" என்றார் உன் அப்பா.

"யாருக்காக?"

"உங்களுக்காகத்தான் சார்."

அதைக் கேட்ட மனிதர் குடையை எடுத்துக்கொண்டு லாட்ஜைப் பார்த்து நடந்தார். அவர் கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. எங்களுக்காகக் காத்திருந்த நேரத்தில் ரோட்டைத் தாண்டிப் போய் வாங்கியிருக்கிறார். நாங்கள் குறித்த பஸ்ஸில் வந்திருந்தால் அவர் அதை வாங்கியிருக்கவே மாட்டார்.

சாயங்காலம் துறைமுகக் கடற்கரைக்குப் போக டவுன் பஸ் ஏறினோம். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். மாமியும் நானும் ஒரு சீட்டில். நல்ல மனுஷி. உப்பளம் வந்ததும் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்ததைப் பார்த்து, "தூத்துக்குடின்னா முத்துன்னு சொல்லுவாளே, எங்கயாவது கெடைக்குமோ?" என்று கேட்டார். "முத்தெல்லாம் போயிட்டு மாமி, இப்ப உப்புதான்" என்றேன். சிரித்தார். காலையிலிருந்து எங்கள் நாலு பேரில் யாராவது சிரித்தது அதுதான் முதல். பின்னால் உன் அப்பாவும் அவரும் கிரிக்கெட்டைப் பற்றி ஏதோ பேசுவது கேட்டது. சரி, இழுத்துப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தப் பொட்டலம் வந்தது. கை மாறி, கண்டக்டர் கைக்கும் போய், மாமியிடம் வந்து சேர்ந்தது. "டீச்சருக்குக் குடு" என்று மைதிலியின் அப்பா குரல். "எடுத்துக்கோங்கோ டீச்சர். வெளியில வாங்கி நான் தொடற பதார்த்தம் இது ஒண்ணுதான். எங்கப்பா சின்ன வயசுல தூத்துக்குடி வந்தா இதத்தான் வாங்கிண்டு வருவார். முந்திரியும் சீனியும். வேற ஒண்ணும் கெடையாது."

மக்ரூன். எய்யா, உனக்குத் தெரியும், என் சித்தப்பா பேக்கரி வைத்திருந்தவர். லீவு நாளெல்லாம் அங்கே உட்கார்ந்து மஞ்சள் கருவைப் பிரித்து, வெள்ளைக் கருவை நுரை பொங்க அடித்துக் கொடுத்தது நான்தான். அந்த நுரை இல்லாமல் மக்ரூன் அப்படிக் கூம்பாக நிற்காது, வாயில் போட்டால் கரையாது. முட்டை வாசமே வராது என்பதால் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. நம் ஊரில் யாரும் இதை ஒரு விஷயமாக நினைப்பதும் இல்லை. கோஷ்டியில் நிற்கிற ஒரு மனிதர் சிறுவயதிலிருந்து அதை வாயில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதைத்தான் முதன்முதலாக நமக்குத் தம் கையால் கொடுக்கிறார்.

நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். மாமி பக்கம் நீட்டினேன். "எனக்கு வேண்டாம், பல்லு கூசும்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அதே நேரத்தில் பின்னாலிருந்து உன் அப்பாவின் குரல், பி.டி. மாஸ்டர் குரல், பஸ் முழுக்கக் கேட்கிற குரல்: "இது எப்படிச் செய்தாங்கன்னு தெரியுமா சார்? எம் பொண்டாட்டியோட சித்தப்பா..." நான் திரும்பிப் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பையன்களைப் பார்த்த பார்வை. அவர் அப்படியே நிறுத்திவிட்டு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டார். மாமியின் விரல்கள் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன.

கடற்கரையில் ஆண்கள் இருவரும் தூரத்தில் நின்ற கப்பலைப் பார்த்தபடி முன்னால் நடந்தார்கள். மாமி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கல்யாணமான புதுசுல பக்கத்தாத்து மாமி சொன்னா. அன்னிலேர்ந்து தெரியும். இவர்கிட்ட சொல்ல வாய் வரல. அவரோட அப்பா குடுத்த ருசி டீச்சர் அது. சொன்னா மனுஷர் உடைஞ்சு போயிடுவார். நீங்களும் சொல்லிடாதீங்கோ." நான் தலையை ஆட்டினேன். உண்மையாகவே சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவர் ருசியில் நான் எதற்குக் கை வைக்க வேண்டும்? ஒரு வாரம் கழித்தோ ஒரு வருஷம் கழித்தோ யாராவது சொல்லிக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தேன்.

மணலில் உட்கார்ந்தோம். மைதிலியின் அப்பா பொட்டலத்தைத் துண்டின்மேல் நடுவில் வைத்தார். பிறகு அவர் என்னைப் பார்த்து, உன் அப்பாவை அல்ல, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"டீச்சர், ஜாதி, மதம்னு நான் ரொம்ப நாள் மல்லுக்கட்டிப் பாத்தாச்சு. பொண்ணு கேக்கல. விட்டுட்டேன். இப்ப எனக்கு ஒரே ஒரு பயம்தான். நாளைக்கு உங்காத்துல எதாவது நடக்கும். எனக்கு மனசு கஷ்டப்படும்னு எல்லாரும் சேந்து மறைப்பேள். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் எனக்கு ஒருத்தனுக்குத் தெரியாம, நான் மட்டும் சிரிச்சுண்டு உக்காந்திருப்பேன். அந்த மாதிரி என்னை வெச்சுட மாட்டேளே? நேரா சொல்லுங்கோ."

எய்யா, நான் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி நேராகச் சொல் என்று கேட்டிருக்கிறேன். என்னை யாரும் அப்படி நிறுத்தினதில்லை. நடுவில் அந்தப் பொட்டலம் இருக்கிறது. ஒரு பக்கம் மாமி தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். மாட்டோம் என்று சொன்னால் அந்த நிமிஷமே அது பொய். அவர் சொன்னதை அந்த நிமிஷமே நாங்கள் மூன்று பேரும் செய்துகொண்டிருக்கிறோம். உண்மையைச் சொன்னால் மனிதர் எழுந்து போய்விடுவார், அதோடு உன் கல்யாணமும் போய்விடும். "அவங்க அப்பாகிட்ட சாப்பாட்டுப் பேச்சே எடுக்காதீங்க" என்று நீ எழுதிய வரி கண் முன்னால் வந்தது. வந்ததும் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது.

"சார், அந்த மக்ரூன்ல முட்டை உண்டு. வெள்ளைக் கரு. நானே அடிச்சுக் குடுத்திருக்கேன். பஸ்ஸுலயே சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" மாமி மணலைப் பார்த்தார். "கோமளா, உனக்குத் தெரியுமான்னேன்." "தெரியும்" என்றார் மாமி. அவர் காகிதத்தை நிதானமாக மடித்தார். மணலைத் தட்டிவிட்டு எழுந்து பஸ் ஸ்டாப்பைப் பார்த்துப் போனார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். ஒரே பஸ்தான், வேறு பஸ் இல்லை. சீட்டெல்லாம் காலியாக இருந்தும் அவர் ஊர் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தார். லாட்ஜ் வாசலில் உன் அப்பா, "சார், மன்னிச்சுக்கிடுங்க" என்றார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மாமி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் பெங்களூரு வீட்டுக்கு நான் வந்திருந்தபோது மைதிலி முதல் தடவை சாப்பிட வந்தாள். நான் அவளுக்கென்று ரசம், பீன்ஸ், தயிர் எல்லாம் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அவள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, சீலா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு, "ஆன்ட்டி, இன்னொரு துண்டு" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டேன். நம் பிள்ளை ஆகிவிட்டாள் என்று ஊருக்கு வந்து அப்பாவிடம் பெருமையடித்தேன். அவள் வீட்டில் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அன்று ராத்திரி லாட்ஜில் படுத்துக்கொண்டு யோசித்தேன். அவரிடம் நான் சொன்னது சின்ன உண்மை, பெரியது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உன் அப்பாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஏளா, அந்த மீனு?" என்றார் இருட்டில். "அது நம்ம வாயால வரக்கூடாது" என்றேன்.

ஞாயிறு காலையில் நாங்கள் கோயிலுக்குப் போனோம். எதிர் லாட்ஜில் ஜன்னல் சாத்தியிருந்தது. அவர்கள் முதல் பஸ்ஸிலேயே ஊருக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. உன் அப்பா வழக்கம்போலப் பாடவில்லை, பாட்டுப் புத்தகத்தை வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றார். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில், குடையை ஊன்றிக்கொண்டு மைதிலியின் அப்பா நிற்கிறார். நெற்றியில் திருமண்ணோடு, வேட்டி சட்டையோடு. கோயிலை விட்டு வருகிற ஜனம் எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டு போகிறது. டவுன் பஸ்ஸில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

"கோஷ்டியில இனி நிக்கறதா வேண்டாமாங்கறது எனக்கும் பெருமாளுக்கும் நடுவுல. அத விட்டுடுங்கோ. கோமளாகிட்டயும் கோவமில்லை, இருந்துது, இப்ப இல்லை. உங்ககிட்ட வேற ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்." குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "சொன்னா கல்யாணம் நின்னாலும் நின்னுடும்னு தெரிஞ்சேதான நேத்திக்குச் சொன்னேள்?"

"ஆமா சார்."

"அப்ப இதையும் சொல்லுங்கோ. மைதிலி உங்க பையனோட என்ன சாப்பிடறா?"

உன் அப்பா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார், எய்யா. நேற்று உண்மை சொன்னவள் இன்றும் உண்மைதான் சொல்வாள் என்று நம்பியிருப்பார். அந்த நம்பிக்கையை வைத்தே அவரை ஏமாற்றியிருக்கலாம். நினைக்கவே எனக்கு உடம்பு கூசிற்று.

"சார், அது மைதிலி உங்ககிட்ட சொல்ல வேண்டியது. நான் சொல்லுதது முறையில்ல" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. என்ன பதில் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இல்லை என்றால் நான் இல்லை என்று சொல்லியிருப்பேனே.

"சரி. அவ வாயால சொல்லட்டும்" என்றார். "சாப்பிடாதன்னு நான் சொல்லப் போறதில்லை. சொல்றதுக்கு நான் யாரு, நானே இத்தன வருஷம் தின்னவன். ஆனா அவ என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். சொன்னா நான் வந்து நிக்கறேன். சொல்லாம வந்து கையெழுத்துப் போட்டான்னா, எனக்குப் பத்திரிகைகூட அனுப்ப வேண்டாம்." பிறகு பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து உன் அப்பாவிடம் கொடுத்தார். "கீழ போட மனசு வரல, மாஸ்டர். நீங்க எடுத்துண்டு போங்கோ." மத்தியானமே, ராகுகாலத்துக்கு ரொம்ப முன்பே, அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். மாமி ஜன்னல் வழியாக என் கையைத் தொட்டுவிட்டுப் போனார். அதற்குமேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது உனக்கு. "இதையெல்லாம் சொல்லித்தான் ஆகணுமா அம்மா" என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாருக்கும் மனசு கஷ்டப்படக்கூடாது என்று மார்க் ஷீட்டைப் படுக்கைக்கு அடியில் வைப்பாய். அது நல்ல குணம்தான் என்று நானே பல தடவை உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறேன். ஆனால் பார், மாமி தன் புருஷன்மேல் உள்ள பிரியத்தில்தான் மறைத்தார். அதில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. அந்தப் பிரியம்தான் கடற்கரையில் அவரைத் தலைகுனிய வைத்தது. உங்கள் வீட்டை அப்படித் தொடங்காதீர்கள். மைதிலி மீனை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவளை நானே அப்படிச் சொன்னால் நன்றாக இருக்காது. அவர் கேட்டது அதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்தது அவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். ஒரு அப்பா கேட்கக்கூடியதிலேயே குறைந்தது இதுதான்.

போனில் வேண்டாம். நேரில்தான். அதனால் நானே நேரம் போட்டுவிட்டேன், நீ புதிதாகத் திட்டம் ஒன்றும் போடாதே. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் பெங்களூரில் ரயில் ஏறுங்கள். கார் எடுக்காதே. எடுத்தால் அவர்கள் தெருவில் உன் கார் நிற்கும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். காலையில் திருநெல்வேலியில் இறங்கி முகம் கழுவி, அவள் ஏதாவது சாப்பிடட்டும். வெறும் வயிற்றோடு இந்தப் பேச்சைப் பேச முடியாது. பிறகு திருச்செந்தூர் பாசஞ்சர். முதல் வண்டி வேண்டாம், அது ராகுகாலத்தில் போய்ச் சேரும். அதற்கடுத்த வண்டியில் ஏறுங்கள். ஜன்னல் ஓரம் அவள் உட்காரட்டும். வழியில் அவளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்காதே. எப்படி ஆரம்பிப்பது, எதை விடுவது என்று நீ பாடம் எடுக்க வேண்டாம், அவளுக்கு அவள் அப்பாவை உன்னைவிட நன்றாகத் தெரியும்.

ஸ்ரீவைகுண்டம் முதலில் வரும். நமக்கு ஆழ்வார்திருநகரி தாண்டி நாசரேத். அவர் ஸ்டேஷனுக்கு வந்திருப்பார், மாமி எனக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்ததும் உனக்கு இறங்கிப்போய்ப் பேச வேண்டும்போல இருக்கும், அவள் தனியாகப் போகிறாளே என்று இருக்கும். அவருக்கு எழுந்து நின்று ஒரு வணக்கம் சொல், போதும். நாசரேத்தில் அப்பா உனக்காக நிற்பார். அந்தப் பொட்டலம் சாப்பாட்டு மேசைமேல் அப்படியே இருக்கிறது, எல்லாம் தின்கிற மனிதர் அதைத் தொடவில்லை. வண்டி அங்கே ரொம்ப நேரம் நிற்காது. அவள் இறங்கினதும் பையை எடுத்துக் கொடு. கொடுத்துவிட்டுப் படியிலேயே நின்றுகொள்.

அம்மா